வடக்கன்குளம் கோவில் சுவர்: கத்தோலிக்க விசுவாசமும் அன்றாட ஒழுகலாறும்

முன்னுரை

மேற்கே குற்றாலம், இலஞ்சி தொடங்கித் தெற்கே குமரி எல்லைவரை விரிந்திருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்த ஊர் வடக்கன்குளம். தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபை வரலாற்றில் இவ்வூர் இரு நிகழ்வுகளால் அறியப்படுகிறது. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நீலகண்ட பிள்ளை என்பார் இங்குத் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1910இல் இவ்வூர்த் திருக்குடும்பக் கோவிலின் நடுச்சுவர் இடிக்கப்பட்டது. முன்னதைப் புனிதர் வரலாறு எழுதுவோரும் பின்னதைச் சாதி வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் தனித்தனியே கையாண்டுள்ளனர். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால், விசுவாசம் அன்றாட வாழ்வில் எதுவரை செல்ல வேண்டும் என்னும் வினாவிற்கு ஒரே பங்கில் நிலவிய இருவேறு விடைகள் புலப்படும்.

வழக்கமும் விசுவாசமும்

இவ்வினாவின் வேர் மதுரையில் உள்ளது. 1606இல் அங்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் டி நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் முதலியவை சமூக வழக்கங்களே அன்றிச் சமயக் குறிகள் அல்ல என வாதிட்டார். பூசல் உரோமை வரை சென்றது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளுடன் அவற்றை அனுமதித்தார். உயர்குலத்தார் எளியோரை இகழலாகாது என்றும் அறிவுறுத்தினார். இவ்வனுமதியால் மதம் மாறியவர் தம் சுற்றத்தாரை விட்டு நீங்காமல் வாழ வழி பிறந்தது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. எனினும் காலப்போக்கில் அனுமதி நினைவில் நின்ற அளவிற்கு அறிவுரை நிற்கவில்லை. உடையும் குடுமியும் மட்டுமின்றி, யார் எங்கே மண்டியிடுவது என்பதும் 'வழக்கம்' என்ற சொல்லுக்குள் அடங்கலாயிற்று.

தேவசகாயத்தின் நான்கு ஆண்டுகள்

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் (1741) பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படையிலேயே பொறுப்பேற்ற டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பாலிருந்த வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ எனப் பெயர் கொண்டார்.

தேவசகாயம் துறவு பூணவில்லை, குருவும் ஆகவில்லை. குடும்பத்தாராகவே வாழ்ந்தார். 1749இல் சிறைப்பட்டு, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்படும் வரையிலான மூன்று ஆண்டுத் துன்பங்களையே மரபுவழி நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால் அத்துன்பத்திற்கு வித்திட்டவை அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள். சாதி வேறுபாடின்றி மாந்தர் அனைவரும் சமம் என்பதை அவர் வலியுறுத்தியமையே மேல்தட்டினரின் வெறுப்பைத் தூண்டியது என வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பும் கூறுகிறது. வழக்கம் வேறு, விசுவாசம் வேறு என்னும் பிரிவினை அவர் வாழ்வில் இடம்பெறவில்லை.

இரு கிளைக் கோவில்

அதே பங்கில் 1872இல் எழுந்த கோவில் பீடத்தில் கூடும் இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. ஒரு கிளை வேளாளர், முதலியார் ஆகியோருக்கு. மறுகிளை நாடாருக்கும் பிறருக்கும். இடையே சுவர். பீடம் ஒன்று, திருப்பலி ஒன்று, குரு ஒருவர். கோட்பாட்டளவில் இரு சாராரிடையே எவ்வேறுபாடும் இல்லை என்பதே இங்கு வியப்பிற்குரியது. சுவரை விரும்பியோரும் தம்மை நல்ல கத்தோலிக்கராகவே கருதினர். அக்கருத்தைப் போலி எனத் தள்ளிவிட்டால் இவ்வரலாறு விளங்காது.

1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் சுவர் அகற்றப்பட்டது. துறவற சபை நிறுவியவராக இன்று பெரிதும் நினைக்கப்படுபவர் இவர். வேளாளர் தரப்பினர் நீதிமன்றத்தை நாடினர். நெடுநாள் வழக்கத்தால் தனியிடம் தமக்கு உரிமையாயிற்று என்பது அவர்தம் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. நொபிலி காலத்தில் மதம் மாறியோரைக் காத்த அதே 'வழக்கம்' என்னும் சொல், இங்கு உடன் விசுவாசியை விலக்கும் சட்ட வாதமாக மாறியிருந்தது.

2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் தேவசகாயத்திற்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது அவர் பெயருடன் 'பிள்ளை' என்பதும் சேர்ந்திருந்தது. 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அது நீக்கப்பட்டிருந்தது.