பொதுப் பத்தாயம் பிறந்த கதை

ஒரு சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றலாம் என்று 2003இல் விஎம்வேர் நிறுவனம் காட்டியது. 'வி-மோஷன்' என்று அதற்குப் பெயர். அதில் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு இடம் மாறியதே தெரியாது.

சூட்சுமம் எளிது. இடம் மாறியது நினைவகத்தில் இருந்ததும் பிராசசரின் அப்போதைய நிலையும்தான். இரண்டு சர்வருக்கும் பொதுவான வட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. வீடு மாறுகிறவர் பத்தாயத்தையும் தலையில் சுமக்க வேண்டுமென்றால் யார் மாறுவார்? ஊருக்குப் பொதுவாக ஒரு பத்தாயம் இருந்துவிட்டால் ஆள் மட்டும் கிளம்பலாம். ஆனால் அந்தப் பொதுப் பத்தாயம் வி-மோஷனைவிட மூத்தது.

1984. மேசைக்கு ஒரு வொர்க்ஸ்டேஷன் விற்றுக்கொண்டிருந்தது கலிபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். வட்டு விலை அதிகம். மேசைதோறும் வைக்கக் கட்டாது. எங்கோ இருக்கும் வட்டின் கோப்புகளைத் தன் வட்டில் இருப்பதுபோலவே காட்டும் முறை ஒன்றை சன் உருவாக்கியது. அதுதான் என்எஃப்எஸ். வட்டே இல்லாத கணினிகளும் அதை நம்பி ஓடின.

டேட்டாபேஸ்காரர்களுக்கு இது போதவில்லை. கோப்பு வேண்டாம், வெறும் வட்டாகவே கொடு என்றார்கள். 1990களில் வந்த ஃபைபர் சேனல் அவர்களுக்குக் கைகொடுத்தது: தனிக் கேபிள், தனி சுவிட்ச், தனிச் செலவு. கோப்புக்கு 'நாஸ்', வட்டுக்கு 'சான்' என்று ஒரே கூரையின்கீழ் இரண்டு குடித்தனம்.

இரண்டுக்கும் நடுவே இருந்த சுவரில் இரண்டு பக்கமிருந்தும் துளை விழுந்தது.

முதல் பக்கம், டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் 1992இல் தொடங்கிய நெட்ஆப். அவர்கள் விற்ற சேமிப்புப் பெட்டி முதலில் கோப்பு மட்டுமே தந்தது. ஒரே வேலையைச் செய்வதால் 'டோஸ்டர்' என்ற செல்லப்பெயரும் கிடைத்தது. அதன் கோப்பு முறை பழைய எழுத்தின்மேல் எழுதாது. புது இடம் பார்த்து எழுதும். அதனால் நேற்றைய நிலையைப் பிடித்துவைக்க நகல் எடுக்க வேண்டியதில்லை. பழையதை அழிக்காமல் விட்டாலே போதும். 2002இல் அதே பெட்டி ஃபைபர் சேனல் வழியே வட்டும் தரத் தொடங்கியது. வெளியே சர்வருக்கு அது வட்டு. பெட்டிக்குள்ளே அது ஒரு கோப்பு.

மறுபக்கம், விர்ச்சுவல் மெஷின். தனக்குச் சொந்த வட்டு உண்டு என்று அது நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அந்த வட்டும் ஒரு கோப்புதான். கோப்பு என்றான பிறகு என்எஃப்எஸ் அதைச் சுமக்கத் தடை என்ன? 2006இல் வந்த விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ் 3 அதற்கு வழி திறந்தது. வட்டுக் கட்டளைகளைச் சாதாரண ஈதர்நெட்டிலேயே அனுப்பும் ஐ-ஸ்கஸியும் அதில் சேர்ந்துகொண்டது. கோப்போ வட்டோ, கேட்டதைக் கேட்ட வழியில் ஒரே பெட்டி கொடுத்தது. வட்டில்லாத மேசைகளுக்காகப் பிறந்த என்எஃப்எஸ், இருபது ஆண்டு கழித்து, தமக்கென்று வட்டு தேவைப்படாத சர்வர்களுக்குச் சோறு போட்டது.

சௌகரியத்தோடு பயமும் வந்தது. ஊர் நெல்லெல்லாம் ஒரே பத்தாயத்தில் இருந்தால், அதன் கதவு திறக்காத நாளில் ஊரே பட்டினி. அதனால்தான் இப்படிப்பட்ட பெட்டிகளில் வழக்கமாக இரண்டு கன்ட்ரோலர்கள்: ஒன்று விழுந்தால் அதன் வட்டுகளை மற்றது எடுத்துக்கொள்ளும். பத்தாயம் ஒன்றுதான், சாவி மட்டும் இரண்டு பேரிடம்.