அந்தமானில் கம்பியில்லாச் செய்தி: பழைய கருவியும் புதிய கருவியும்

கடல் கடந்து வாழ்பவர்க்கு ஊரிலிருந்து வரும் செய்தியினும் அருமையான பொருள் பிறிதொன்று இல்லை. இவ்வுண்மையை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் குடியேறிய தமிழ் மக்கள் நன்கு அறிவர். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கின்றது. கப்பலில் மூன்று நாளளவு பயணம். அந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துப் பழைய பெயரையே இங்கு வழங்குவோம்.

இன்று அத்தீவுகளிலும், நாட்டின் ஏனைய பகுதிகளிலும், நம்மவர் இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. கூடத்தின் மூலையில் வைஃபை ரவுட்டர் ஒன்று ஆண்டுக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கின்றது. கடைக்காரரோ, "இது பழைய முறை, வைஃபை 6 வந்துவிட்டது, வைஃபை 7-உம் வந்துவிட்டது" என்கிறார். மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? மாதச் சம்பளத்தில் சில ஆயிரம் ரூபாயை ஒதுக்கவேண்டிய குடும்பத்திற்கு இது சிறிய வினா அன்று. செய்திக்கருவியை எப்போது மாற்றுவது என்னும் இவ்வினாவை அந்தமான் தீவுகள் நூறாண்டுக்கு மேலாகப் பலமுறை சந்தித்து வந்துள்ளன. அவ்வரலாற்றைச் சற்றே நோக்கினால் நமக்கும் ஒரு விடை கிடைக்கும் என்று எண்ணுகிறோம்.

1858-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு போர்ட் பிளேரில் கைதிகளின் குடியிருப்பை நிறுவியது. கல்கத்தாவிலிருந்தோ, சென்னையிலிருந்தோ, இரங்கூனிலிருந்தோ கப்பல் வந்தால்தான் அங்குச் செய்தி வரும். 1872 பிப்ரவரி 8-ஆம் நாள், தீவுகளைப் பார்வையிட வந்த வைசிராய் மேயோ பிரபு, ஷேர் அலி என்னும் கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். நாட்டின் தலைமை ஆட்சியாளரே மாண்டார். ஆயினும் அச்செய்தியைக் கப்பல் சுமந்து சென்று கரை சேர்க்கும் வரையில் தலைநகரம் ஒன்றும் அறியாதிருந்தது. இந்தியப் பெருநிலத்தில் தந்திக் கம்பிகள் ஓடத் தொடங்கி அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவற்றால் தீவுக்கு என்ன பயன்? கம்பிகள் யாவும் கடற்கரையோடு நின்றுவிட்டன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பியில்லாத் தந்தி தோன்றியது. 1905-ஆம் ஆண்டு வாக்கில், பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தை அடுத்த டயமண்ட் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கம்பியில்லாத் தொடர்பு ஏற்பட்டது. இடையிலிருந்த கடல் 450 கிலோமீட்டருக்கு மேல். ஆங்கில விஞ்ஞானி ஆலிவர் லாட்ஜும் அவருடைய கூட்டாளி மியூர்ஹெட்டும் வகுத்த முறை அங்குக் கையாளப்பட்டது. மின்பொறியைத் தெறிக்கச் செய்து, அதனால் எழும் அலைகளைக் குறுந்தட்டும் நெடுந்தட்டுமாக அனுப்பும் முறை அது. டயமண்ட் தீவை அடைந்த செய்தி பர்மாவின் தந்திக் கம்பிகளில் ஏறிப் பெருநிலத்தை அடையும். உலகில் அக்கலை இன்னும் குழந்தைப் பருவத்தில் இருந்தபோதே, ஓர் ஒதுக்குப்புறமான தீவு அதனை ஏற்றுக்கொண்டது எதனால்? செய்தி செல்லும் பாதையில் கடல் ஒன்றே தடையாக நின்றது. புதிய கருவி அத்தடையையே நீக்கியது. தடை இருந்த இடமும் கருவி உதவும் இடமும் ஒன்றாக இருந்தமையால் மாற்றம் பயன் தந்தது.

இனி, வீட்டுக்குள் வந்த கம்பியில்லாக் கருவியைப் பார்ப்போம். அதுவே வானொலிப் பெட்டி. 1933-ஆம் ஆண்டின் சட்டப்படி அதனை வைத்திருப்போர் உரிமம் பெறவேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் அவ்வழக்கம் 1980-களில்தான் மறைந்தது. வால்வுப் பெட்டிகள் ஆண்ட காலத்தில், தீவில் இருந்தவர் தொலைதூர நிலையங்களைச் சிற்றலையில் தேடிப் பிடிக்கவேண்டும். அதற்குப் பெரிய பெட்டி வேண்டும்; கூரைக்கு மேல் உயர்ந்த ஏரியல் வேண்டும்; இரவின் அமைதியும் வேண்டும். 1963-ஆம் ஆண்டில் போர்ட் பிளேரில் அகில இந்திய வானொலி நிலையம் தோன்றியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் ஒலிபரப்பு நடந்தது. ஒலிபரப்பு அருகிலேயே வந்துவிட்டபின், உலர்மின்கலத்தில் இயங்கும் சிறிய டிரான்சிஸ்டர் பெட்டியே போதுமானதாயிற்று. வீட்டுப் பெட்டியை எவ்வளவு உயர்த்தினாலும் கிடைக்காத தெளிவு, ஊற்று அண்மையில் வந்தவுடன் எளிதில் கிடைத்தது. இதனை மனத்திற்கொள்வது நன்று.

தொலைபேசியும் இணையமும் வந்த காலத்திலும் இதே பாடம் வேறு வடிவில் திரும்பியது. பல ஆண்டுகள் தீவுகளுக்கும் பெருநிலத்திற்கும் இடையே செயற்கைக்கோளே பாலமாக விளங்கிற்று. அத்தகைய கோள் நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றது. ஒரு சொல் கோளுக்கு ஏறி இறங்கி, மறுமொழியும் அவ்வாறே ஏறி இறங்கினால், மின்னலைகள் கடக்கும் தொலைவு 1,44,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் சென்றாலும் அரை விநாடி கழிந்துவிடும். தாய் பேசி முடித்து, மகன் கேட்டு, மகன் பேசத் தொடங்குமுன் தாய் மீண்டும் பேசிவிடுவாள். இருவர் குரலும் மோதும். அன்றியும், கோளின் குறுகிய அலைவழியை எல்லாத் தீவினரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்நாளில் ஒருவர் உலகிலேயே சிறந்த ரவுட்டரை வாங்கித் தம் வீட்டில் வைத்திருந்தாலும், இணையத்திலிருந்து ஒரு படம் வந்து சேரும் வேகம் கூடியிராது. இடுக்கண் வீட்டிற்கு வெளியே, வானத்தில் இருந்தது.

இவ்வாறிருக்க, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தொடர்புகள் அறுந்தன. உற்றாரின் உயிர்நிலை அறியாமல் பெருநிலத்தில் பல்லாயிரவர் தவித்தனர். பல ஆண்டுகள் அமெச்சூர் வானொலிக்கு இடமில்லாதிருந்த அத்தீவுகளுக்கு, அரசின் சிறப்பு அனுமதி பெற்றுப் பாரதி பிரசாத் அம்மையாரின் தலைமையில் ஒரு குழு அம்மாதத்தில்தான் வந்திருந்தது. விளையாட்டாகவும் பயிற்சியாகவும் உலக நண்பர்களோடு உரையாடக் கொணர்ந்த அவர்களுடைய சிற்றலைக் கருவிகள் உயிர்காக்கும் கருவிகளாயின. நலமாயிருக்கும் செய்தியும், உதவி கோரும் செய்தியும் அவற்றின் வழியே கரையேறின. புதிய ஏற்பாடுகள் வாய்மூடிய வேளையில் மிகப் பழைய முறை வாய்திறந்தது. நாம் மறத்தலாகாத இரண்டாம் பாடம் இது.

அதற்கு மறுமாதமே, 2005 சனவரி 28-ஆம் நாள், மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பகுதியில் குறைந்த ஆற்றலோடு இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என விதி வகுத்தது. வானொலியைக் கேட்பதற்கே உரிமம் கேட்ட நாட்டில், வீட்டுக்கொரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை உரிமமின்றி வைத்துக்கொள்ளும் காலம் பிறந்தது. வைஃபை நம் இல்லங்களில் நுழைந்த வாயில் அதுவே.

பின்னர், 2018 டிசம்பர் 30-ஆம் நாள் கடலடிக் கம்பிவடத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர்; செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சின்ன அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் அது செல்கின்றது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். எனவே அரை விநாடியாக இருந்த தாமதம், சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே விநாடியின் நூறில் ஒன்றிரண்டு பங்காகச் சுருங்கியது. 1872-இல் நாட்கணக்கில் கப்பலை எதிர்பார்த்திருந்த துறைமுகம் அது என்பதை எண்ணினால் வியப்பே மேலிடுகின்றது.

இங்குத்தான் நம் வினாவின் போக்கு மாறுகின்றது. வெளிவழி அகன்றபின், ஒரு காலத்தில் போதுமானதாயிருந்த வீட்டுக்கருவியே பாதையின் மிகக் குறுகிய இடமாகிவிடக் கூடும். ஆகிவிட்டதா என்பதைக் கடைக்காரரைக் கேட்டறிய வேண்டியதில்லை, அளந்தே அறியலாம்.

முதலில் கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து வேகத்தை அளக்கவேண்டும். கட்டணம் செலுத்தும் வேகம் அங்கேயே வரவில்லையெனில், குறை வெளியில் இருக்கலாம். அல்லது பெட்டியின் கம்பித்துளை 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காத பழைய வகையாக இருக்கலாம். கம்பியில் சரியாக வந்து, பெட்டியின் அருகிலேயே கம்பியில்லாமல் அளக்கும்போது பாதியாகக் குறைந்தால், குறை பழைய முறையில் இருக்கின்றது, மாற்றுதல் தகும். அருகில் நன்றாக வந்து அடுத்த அறையில் தேய்ந்தால், குறை சுவரிலும் தொலைவிலும் இருக்கின்றது. தகரம் அடித்த சுவர் அலைகளைத் திருப்பியடிக்கும். கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் விழுங்கும். அப்போது புதுப்பெட்டி வாங்குமுன், இருக்கும் பெட்டியை வீட்டின் நடுவில் உயர்த்தி வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

புதிய முறைகளின் தன்மையையும் ஒருவாறு அறிந்திருத்தல் வேண்டும். 1997-இல் வைஃபையின் முதல் முறை விநாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே சுமந்தது. 1999-இல் 11-உம், 2003-இல் 54-உம் ஆயிற்று. 2009-இல் வந்தது இன்று வைஃபை 4 எனவும், 2013-இல் வந்தது வைஃபை 5 எனவும் வழங்கும். வைஃபை 6-இன் முதன்மையான சிறப்பு வேகத்தினும் ஒழுங்கிலேயே உள்ளது. வீட்டுக் கருவிகள் யாவும், பழைய தந்திக்காரர்களைப் போல, அலை ஓய்ந்திருக்கிறதா எனக் கேட்டே தத்தம் முறையில் பேசுகின்றன. பழைய முறையில் ஒரு முறைக்கு ஒருவரே பேசலாம். வைஃபை 6-இல் ஒரே முறையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே இருவர் மட்டும் வாழும் வீட்டிற்கு அதனால் பெரும்பயன் இல்லை. பத்துக் கருவிகள் ஒருங்கே இயங்கும் வீட்டிற்குப் பயனுண்டு. கையிலுள்ள தொலைபேசி புதிய முறையை அறியாததாயின், புதுப்பெட்டியோடும் அது பழைய மொழியிலேயே பேசும். 2024-இல் வெளிவந்த வைஃபை 7 சிறப்பாகப் பயன்படுத்த விழையும் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதி சுவர்களை எளிதில் ஊடுருவாது. அதன் கீழ்ப்பகுதியை உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளே நம் நாட்டில் 2025 மே மாதத்தில்தான் வெளியாயின.

வேகத்தைச் சாராத காரணம் ஒன்றும் உண்டு, அது பாதுகாப்பு. 2017-ஆம் ஆண்டில், அதுவரை நம்பியிருந்த வைஃபைப் பூட்டுமுறையில் ஒரு பெருங்குறை கண்டறியப்பட்டது. மறு ஆண்டில் புதிய பூட்டுமுறை அறிவிக்கப்பட்டது. செய்தவர்கள் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்ட பழைய பெட்டிகள் திறந்த கதவைப் போன்றவை. வங்கிக் கணக்கும் குடும்பச் செய்தியும் அவ்வழியே செல்லும் இக்காலத்தில், வேகம் போதுமாயினும் அத்தகைய பெட்டியை மாற்றிவிடுவதே நலம்.

ஆகவே, பாதையில் குறுகிய இடம் எதுவோ அதனையே முதலில் அகலப்படுத்துக என்பதே அந்தமானின் வரலாறு நமக்குக் கூறும் அறிவுரை. 1905-இல் அது கடல். 1963-இல் ஒலிபரப்பின் தொலைவு. 2020 வரையில் வானத்துக் கோள். இன்று அது நம் கூடத்து மூலையில் இருப்பின், மாற்றத் தயங்கவேண்டாம். இல்லையெனின், அப்பணத்தைப் பிள்ளைகளின் புத்தகத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

எப்பெட்டியை வாங்கினாலும், மின்சாரம் நின்றால் அது ஊமை. கடலடி வடமும் அறுபடக் கூடியதே. ஆதலால், மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறு வானொலிப் பெட்டியைப் பரணில் எறிந்துவிடாமல் எட்டும் இடத்தில் வைத்திருங்கள். ஆழிப்பேரலையின் நாளில் கடலுக்கு அப்பால் சொல் சுமந்து சென்றது பழைய சிற்றலையே என்பதை அத்தீவுகள் மறக்கவில்லை.