வென்றெடுத்த முதுமை

நரையும் திரையும் தம்மை வந்தடைவதைக் கண்டு மகிழ்வோர் உலகில் அரியர். ஆயினும், அவற்றை வெற்றிச் சின்னங்களாகக் கொள்ளத்தக்க ஒரு தலைமுறை இன்று நம்மிடையே வாழ்கின்றது. எச்.ஐ.வி. கிருமியை உடலிற் சுமந்தவாறே ஐம்பதையும் அறுபதையும் கடந்த மக்களையே குறிப்பிடுகின்றோம். இம்முதுமை அவர்களுக்கு எவ்வாறு வாய்த்தது? அதனை நலமாகக் காப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே நமது கருத்து.

1981 ஜூன் மாதத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஐந்து இளைஞர்களைப் பீடித்த அரிய நுரையீரல் நோய் பற்றிய சிறு குறிப்பொன்று அமெரிக்க அரசின் சுகாதார வார ஏட்டில் வெளிவந்தது. 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் நோய்க்குரிய கிருமியைப் பிரித்தெடுத்தனர். 1987இல் வந்த முதல் மருந்தின் விலையோ ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலர் வரை சென்றது. நோயுற்றோரும் அவர்தம் தோழர்களும் நியூயோர்க்கின் வோல் ஸ்ட்ரீட்டில் மறியல் செய்தனர்; அவ்வாண்டு முடியுமுன் விலை ஐந்திலொரு பங்கு குறைந்தது. 1996 அளவில் பல மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறை நிலைபெற்றதும், செல்வ நாடுகளில் மரணம் விரைவாகக் குறைந்தது.

ஏழை நாடுகளிலோ மரணம் தொடர்ந்தது. மலிவு மருந்துக்கு வழிதிறக்கத் தென்னாபிரிக்கா 1997இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பனிகள் வழக்காடின. 1998 டிசம்பரில் சக்கி அக்மட் முதலியோர் சிகிச்சை உரிமைக்காக மக்கள் இயக்கமொன்றைத் தொடங்கினர். தாமும் நோயாளரான அக்மட், பொது வைத்தியசாலைகளில் ஏழைகளுக்கு மருந்து கிடைக்க வழி பிறக்கும்வரை தாம் அதனைத் தொடுவதில்லை என உறுதி பூண்டார். 2001இல் இந்தியாவின் சிப்லா கம்பனி ஆண்டுக்கு 350 டொலருக்கு மருந்து தர முன்வந்தது. அவ்வாண்டு ஏப்ரிலில், உலகின் கண்டனத்துக்கு அஞ்சிய கம்பனிகள் வழக்கை மீளப் பெற்றன. எனினும், கிருமியே எயிட்ஸ் நோய்க்குக் காரணம் என்பதை ஐயுற்ற ஜனாதிபதி எம்பெக்கியின் அரசு தடையாக நின்றது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமற் காக்கும் மருந்தை வழங்குமாறு 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பணித்தது. 2003இலேதான் பொதுச் சிகிச்சைத் திட்டம் பிறந்தது. அவ்வாண்டே அக்மட்டும் மருந்துண்ணத் தொடங்கினார்.

இவ்வாறு வென்றெடுத்த ஆயுள் புதிய பிரச்சினைகளையும் கொணர்ந்தது. ஸ்டாவுடீன் போன்ற பழைய மருந்துகளை உண்டு பிழைத்தோரில் பலர் கன்னம் ஒட்டியும் பாத நரம்பு நொந்தும் வாழ்கின்றனர். மருந்தை இடையிடையே நிறுத்தினால் உடலுக்கு ஓய்வு கிட்டும் என்று ஒருகாலத்தில் நம்பப்பட்டது. 5,472 பேரைக்கொண்டு நடந்து, 2006இல் இடைநிறுத்தப்பட்ட ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. மருந்தை நிறுத்தியோரிடையே மரணம் மட்டுமன்றி, இருதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நோய்களும் மிகுந்தன. கிருமி மருந்தால் அடங்கியபோதும் உடலினுள் மெல்லிய அழற்சி நீடிக்கின்றது. அது இரத்தக் குழாய்களைக் காலத்துக்கு முன்பே மூப்படையச் செய்கின்றது. 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. கொலஸ்ரோலைக் குறைக்கும் மாத்திரையை நாள்தோறும் உண்டோரிடையே, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் 35 வீதம் குறைந்தமையை அது காட்டிற்று.

எனவே நலமான முதுமைக்கு வேண்டுவன தெளிவு. மருந்தை ஒருநாளும் தவறவிடலாகாது. புகைத்தலைக் கைவிடவேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரகம், எலும்பு ஆகியவற்றைக் காலந்தோறும் பரிசோதிக்கவேண்டும். பெண்கள் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது. முதுமையில் பல மாத்திரைகள் சேருமாதலால், அவை ஒன்றோடொன்று முரணாதவாறு வைத்தியர் கவனிக்கவேண்டும்.

ஆனால், இவை தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் கைகூடுமா? பசித்த வயிற்றோடு மாத்திரை விழுங்குபவருக்கு உணவு விதிகளை ஓதிப் பயனென்ன? கிருமிக்கு ஓரிடமும் இருதயத்துக்கு வேறோரிடமுமாக அலைக்கழிக்கப்படும் முதியவர் எத்தனை நாள் அலைவார்? 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, மருந்தின் பெரும்பகுதியைத் தன் பணத்திலே வாங்கும் தென்னாபிரிக்காவிலும் அவ்வுதவியை நம்பிய சிகிச்சை நிலையங்கள் பல மூடப்பட்டன. போராடிப் பெற்றதைப் பிறர் தயவில் விட்டுவைத்தல் ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆசிரியர்களாகிய நாம் எயிட்ஸை அச்சத்தின் பாடமாகவே மாணவர்க்குப் புகட்டி வந்துள்ளோம். மருந்தால் கிருமி கண்டறிய இயலாதவாறு அடங்கியவரிடமிருந்து பாலுறவின் வழி அது தொற்றுவதில்லை என்பதை எத்தனை வகுப்பறைகளிற் சொன்னோம்? நாம் விதைத்த அச்சமே முதியவர் ஒருவரைத் தம் நோயை வைத்தியரிடமும் மறைக்கத் தூண்டுகின்றது. அதனைக் களைவது நம் கையிலேயே உள்ளது.