நீர்நாயும் நாளிரையும்

சங்கத் தொகை நூல்கள் நீர்நாயைக் கூறும் இடங்கள் சிலவே. அவற்றுட் பெரும்பாலன மருதத்திணையின்பாற் படுவன. குறுந்தொகை 364, ஐங்குறுநூறு 63, அகநானூறு 336, 386 ஆகிய நான்கு பாடல்களிலும் நீர்நாய்க்கு இரையாவது வாளைமீனே. ஔவையார், ஓரம்போகியார், பாவைக்கொட்டிலார், பரணர் என்னும் நால்வரும் ஒன்றே கூறுதலின், இது வழிவழி வந்த மரபுத்தொடர் எனக் கொள்ளுதலும் கூடும். தலைவனது பரத்தமை ஒழுக்கத்தைக் குறிக்கும் உள்ளுறை எனக் கண்டு அமைதலும் உண்டு. ஆயின், கருப்பொருளின் இயல்பு வழுவாதவிடத்தே உள்ளுறை சிறப்பதாகும். எனவே, அவ்வியல்பு மெய்யாதலை ஆராய்தல் வேண்டும்.

இந்திய நாட்டில் நீர்நாய் மூவகைப்படும். அவற்றுள் சிறுநக நீர்நாய் மலையோடைகளில் நண்டினையே மிகுதியும் உண்ணும். சமவெளி ஆறுகளிலும் ஏரிகளிலும் கூட்டமாய் வாழ்ந்து பெருமீன்களைப் பற்றுவது ஆற்று நீர்நாயே. பொய்கையும் வாளையும் கூறப்படுதலின், மருதப் பாடல்கள் சுட்டுவது இதனையே என்று துணியலாம். 'நாளிரை' என்பது அற்றைநாள் உணவைக் குறிப்பதோடு, அல்லங்காடிக்கு மாறாய நாளங்காடி என்புழிப்போலப் பகற்பொழுதையும் உணர்த்தவல்லது. இந்நீர்நாய் காலையிலும் மாலையிலும் மிகுதியாக வேட்டையாடும் பகல் விலங்காதல் இப்பொருட்கு அரண் செய்யும்.

அகநானூற்று 336-ஆம் பாடல் இன்னும் நுண்ணியது. குட்டிகளோடு கிடந்து உணவின்றி வருந்தும் பெண்நாயின் பசி தீர்க்க ஆண்நாய் இரை தேடி எழுந்து, வாளையொடு பொருது துறையைக் கலக்கும் என்பது அதன் செய்தி. ஆற்று நீர்நாயின் குடும்பத்தில் ஆணும் குட்டி வளர்ப்பிற் பங்கு கொள்ளுதல் இன்றைய விலங்கியலார்க்கும் உடன்பாடு. நற்றிணை 195-ஆம் பாடலோ நெய்தல் நிலத்தது. அங்கே நீர்நாய்க் குட்டி உண்பது கொழுமீன் என்றே கூறப்படுகின்றது, வாளை எனப்படவில்லை. நிலம் மாற இரையும் மாறுதலைச் சான்றோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே கரி. வெறும் மரபுத்தொடராயின் கழியிலும் வாளையே வந்திருத்தல் வேண்டும்.

இவ்விலங்கு இன்றும் வாழும் நிலம் தமிழகத்தின் வடமேற்கெல்லையில் உளது. சிங்காரப்பேட்டை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில் செங்கம் கணவாய் வழியில் அமைந்த ஊர். அதே மாவட்டத்தின் மேற்கோடியில், அஞ்செட்டிக் காடுகளை ஒட்டிக் காவிரி கருநாடகத்துக்கும் தமிழகத்துக்கும் எல்லையாய் ஓடுகின்றது. அப்பகுதியைச் சேர்த்துத் தமிழக அரசு 2022-இல் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. ஆற்று நீர்நாய் அங்குக் காக்கப்படும் உயிர்களுள் ஒன்று. பாறைமேல் அஃது இடும் எச்சத்திலுள்ள செதிலையும் முள்ளையும் ஆய்ந்து இன்ன மீன் உண்டது என அறிவது இக்கால ஆய்வுமுறை. சான்றோர் கண்ணாற் கண்டதை இவர் எச்சத்தாற் காண்கின்றனர்.

ஆனால் இரை மாறி வருகின்றது. 1952-இல் இந்நாட்டு நீர்நிலைகட்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கச் சிலேபிக் கெண்டை இன்று எங்கும் பெருகியுளது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலிலோ, ஆற்று நீர்நாயும் ஆற்றுவாளையும் அழியக்கூடிய நிலையின என ஒரே வகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. தோலுக்காக வேட்டையாடப்படுதலும், ஆற்றில் வெடியிட்டு மீன்பிடித்தலும், மணல் வாருதலும் நீர்நாயின் குறைவுக்குக் காரணங்கள். பன்னாட்டு வாணிக உடன்படிக்கை 2019-இல் இதன் வணிகத்தை முற்றும் விலக்கியது.

உண்பதும் உண்ணப்படுவதும் ஒருங்கே அருகுமாயின், அப்பாடல்களின் உள்ளுறை உரையால் மட்டுமே விளங்கும் நிலை எய்தும். கற்போர் அதனை மரபுத்தொடர் என்றே கொள்வர். ஆதலின், கருப்பொருளின் வரலாற்றை ஆராய்தலும் இலக்கிய ஆராய்ச்சியின் ஒரு கூறே என்க.