கானேஷுமாரி

இந்தச் சொல்லை இன்றைய இளைஞர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். நம்முடைய பாட்டனார் காலத்தில் தாலுகாக் கச்சேரியிலும் கிராமச் சாவடியிலும் சர்வ சாதாரணமாகப் புழங்கிய சொல் இது. பாரசீகத்திலிருந்து வந்தது. 'கானா' என்றால் வீடு. 'ஷுமாரி' என்றால் எண்ணுவது. அதாவது, வீடுகளை எண்ணுகிற காரியம். பிற்பாடு இதையே குடிமதிப்பு என்றார்கள். ஜனத்தொகைக் கணக்கு என்றார்கள். இப்போது மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்று நீளமாகச் சொல்கிறோம். பெயர் நீண்டுகொண்டே போனதில் முதலில் இருந்த வீடு மட்டும் எங்கோ காணாமற் போய்விட்டது.

கதை படிக்கிறவர்களுக்குப் புள்ளிவிவரம் என்றால் வேப்பங்காய். அதில் ஆச்சரியம் இல்லை. கதையில் ஒரு மனிதனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, அழுகையும் சிரிப்பும் உண்டு. அட்டவணையிலோ அவன் ஒரு கட்டத்துக்குள் அடைபட்ட எண். ஆனாலும் அந்த எண்களைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், எந்த நாவலாசிரியனும் எழுதத் துணியாத கதைகள் அங்கே கிடக்கின்றன.

வீடுகளை எண்ணுவது நமக்குப் புதிதும் அல்ல. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்திலேயே 'கோபன்' என்று ஓர் உத்தியோகஸ்தன் வருகிறான். ஐந்து அல்லது பத்துக் கிராமங்கள் அவன் பொறுப்பு. எந்த வீட்டில் எத்தனை பேர், அவர்கள் செய்யும் தொழில் என்ன, கால்நடை எத்தனை என்றெல்லாம் அவன் குறித்து வைக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று நானூறு தளிச்சேரிப் பெண்டிரைப் பட்டியல் போடுகிறது. எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, அந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வீடு வீடாகச் சொல்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். இன்றைக்கும் அந்தத் தெருவில் மனத்தளவில் நாம் நடந்து போகலாம். கதவைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்!

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த நூறு கலம் நெல்லை விளைவித்தவன் யார்? அவன் வீடு எந்தத் தெருவில் இருந்தது? அது அந்தப் பட்டியலில் இல்லை. யாருக்குப் பங்கு கொடுக்க வேண்டுமோ அவர்களை எண்ணினார்கள். அவ்வளவுதான். பழங்காலத்துக் கணக்கெல்லாம் ஏதாவது ஒன்றைக் கொடுப்பதற்காகவோ வாங்குவதற்காகவோ எழுதப்பட்ட கணக்கு.

கிழக்கிந்தியக் கம்பெனியார் நோக்கமும் அதுவே. செங்கற்பட்டு ஜாகீர் கைக்கு வந்த பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வரி. ஆனால் நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்ததில் வரி மாத்திரமா இருந்தது? ஏரி, குளம், கோயில், தோப்பு, மானியம், எந்தக் குடிக்கு எத்தனை வீடு என்று எல்லாமே இருந்தன. அந்தச் சுவடிகளில் திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் கணக்கு நம் காலத்தில் புத்தகமாகவும் வந்தது. வரிக்காகப் பிறந்த ஓலை, வரி வாங்கியவர்கள் போன பிறகும், அன்றைய ஊர் எப்படி இருந்தது என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

எல்லாத் தலையையும் எண்ண வேண்டும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. சென்னை ராஜதானியில் 1851-52 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மாதிரியாக எண்ணி வந்தார்கள். பிறகு 1871 நவம்பர் 15-ஆம் தேதி, முறையான முதல் குடிமதிப்பு நடந்தது. ராஜதானி ஜனத்தொகை ஏறத்தாழ 3 கோடியே 12 லட்சம். இந்தக் கணக்கைத் தொகுத்து 1874-இல் அறிக்கை எழுதியவர் கார்னிஷ் என்ற வைத்தியர். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் இன்னொரு முறை வருவார்.

1876-இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் நடுக்கத்தோடு சொல்லும் பஞ்சம் அதுதான். இந்திய சர்க்கார் சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பியது. கஜானாவைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு. நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அதற்கு மேல் சொற்பக் காசும் போதும் என்று அவர் தீர்மானித்தார். அப்போது எதிர்த்து எழுந்தவர் நம் கார்னிஷ்தான். ஒரு ராத்தலில் மனிதன் உயிர் வைத்திருக்கலாம், மண் சுமக்க முடியாது என்று வைத்திய சாஸ்திரத்தைக் கொண்டு வாதாடினார். கடைசியில் 1877-லேயே கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. மூன்று கோடிப் பேரை எண்ணிப் பார்த்த மனிதருக்கு, அந்த எண்ணிக்கைக்குள் இருப்பது வயிறு என்று தெரிந்திருந்தது. அதைப் பெரிய விஷயமாகவே நான் நினைக்கிறேன்.

பஞ்சம் ஓய்ந்தது. எத்தனை பேர் மாண்டார்கள்? அதிகாரிகள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். 1881 பிப்ரவரி 17-ஆம் தேதி இரவு, இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் தலை எண்ணினார்கள். 1871-இல் சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். பத்து வருஷத்துக்குப் பின்பு அதே ஜில்லாவில் சுமார் 16 லட்சம் பேர். மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு! எல்லோரும் மாண்டார்கள் என்று சொல்ல முடியாது. பிழைக்க வழி தேடி வெளியேறியவர்களும் அதில் உண்டு, பிறக்காமற் போன குழந்தைகளும் உண்டு. ஆயினும் பஞ்சம் இல்லாதிருந்தால் அந்தப் பத்து வருஷத்தில் ஜனத்தொகை பெருகியிருக்கும் அல்லவா? ஆகவே உண்மையான நஷ்டம் இந்தக் கழித்தல் கணக்கைக் காட்டிலும் பெரிது.

அவர்களில் ஒருவருடைய பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாதையோரத்தில் விழுந்தவனுக்கு நடுகல் யார் நாட்டினார்கள்? 1871-இல் ஒரு கர்ணம் வீட்டு வாசலில் நின்று எண்ணிக்கொண்டு போயிராவிட்டால், அவர்கள் இருந்தார்கள் என்பதற்கே அத்தாட்சி இராது. இருந்ததற்குச் சாட்சி இருந்தால்தான் இல்லாமற் போனதற்கும் சாட்சி இருக்கும். குடிமதிப்பின் தர்மமே இதில் அடங்கியிருக்கிறது என்பேன்.

தர்மம் இருக்கிற இடத்தில் விபரீதமும் இருந்தது. எண்ணியவர்கள் எண்ணுவதோடு நிற்கவில்லை. ஜாதி ஜாதியாகப் பிரித்தார்கள். 1901-இல் ரிஸ்லி என்ற துரை, ஜாதிகளை மேல் கீழ் வரிசைப்படுத்தவும் முற்பட்டார். காகிதத்தில் ஏணி வரைந்தால் யார்தான் கீழ்ப் படியில் நிற்கச் சம்மதிப்பார்கள்? 1911-இல் வங்காளத்தில் மாத்திரம் வந்து குவிந்த விண்ணப்பங்களின் எடை ஒன்றரை மணங்கு என்று அங்கே கணக்கெடுத்த அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். நம் நிறுவையில் ஐம்பது கிலோவுக்கு மேல்! சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மூட்டைக்குள் இருந்தவை வெறும் அந்தஸ்து ஆசைகள் அல்ல, அவமானங்களும் இருந்தன. தென்பாண்டிச் சீமையில் ஒரு சமூகம், தன்னை இழிவாகக் குறித்த பெயரை விலக்கி 'நாடார்' என்றே எழுத வேண்டும் என்று பல காலம் போராடி, 1921 குடிமதிப்பில் வெற்றி கண்டது. எம்.சி. ராஜா முதலியோர் முயற்சியால் 1922-இல் 'ஆதி திராவிடர்' என்ற பெயரைச் சென்னை சர்க்கார் ஏற்றுக்கொண்டது. ஒரு கட்டத்துக்குள் எழுதப்படும் ஒரு சொல்லுக்காக இத்தனை பாடா என்று கேட்கலாம். அந்தச் சொல்லால் தினந்தோறும் கூப்பிடப்பட்டவனிடம் போய்க் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஜாதிகளையெல்லாம் முழுமையாக அட்டவணை போட்டு வெளியிட்ட கணக்கு 1931-உடன் நின்றது. 1941-இல் யுத்தம், அட்டவணை சுருங்கிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின், 1951 முதல், தாழ்த்தப்பட்டவர்களையும் பழங்குடியினரையும் மட்டும் தனியே எண்ணினார்கள்.

எண்ணிக்கையோடு திருப்தி அடையாமல் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்டவர்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களை ஆராயச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் இப்படித்தான் புத்தகம் ஏறின. யாருக்கு எத்தனை நிலம், எவ்வளவு கடன், பண்ணையாளுக்கு என்ன கூலி என்று அந்தப் பிள்ளைகள் கேட்டு எழுதினார்கள். இருபது ஆண்டு கழித்து பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராயச் செய்தார்கள். 1960-களிலும் 1980-களிலும் வேறு சிலர் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் போனார்கள். தொண்ணூற்றிரண்டு வருஷக் காலம் ஒரே கிராமத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது என்றால் சாமானியமா? முதல் தடவை பண்ணையாளாகக் கணக்கில் ஏறியவனுடைய வம்சம் பிறகு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி ஏது? 1961 குடிமதிப்பின்போது அசோக் மித்ராவின் தலைமையில் சர்க்காரே இந்த முறையைக் கைக்கொண்டு, நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிராமங்களைத் தனித்தனிப் புத்தகமாக ஆராய்ந்தது.

இத்தனையும் எதை நம்பி நடந்தது? வாசலுக்கு வந்த அந்நியனிடம் ஒரு குடும்பத் தலைவி உண்மை சொல்வாள் என்பதை நம்பி. அவள் எதை நம்பிச் சொல்கிறாள்? 1948-ஆம் வருஷத்துக் குடிமதிப்புச் சட்டம் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. கூட்டுத்தொகை ஊருக்கெல்லாம் பொது. எந்த ஆராய்ச்சியாளரும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அவள் வீட்டுத் தாளை இன்னொருவர் பார்வையிட உரிமை கிடையாது; வழக்கு மன்றத்தில் பொதுவாக அது சாட்சியமும் ஆகாது. வீட்டின் ரகசியம் வீட்டுக்கு, நாட்டின் உண்மை நாட்டுக்கு என்ற இந்த ஏற்பாடு மிக நேர்த்தியானது. வாக்கு ஒரு முறை பிசகினால், அப்புறம் எந்த வாசலிலும் உண்மை கிடைக்காது.

2011-இல் எண்ணியபோது நாம் 121 கோடி. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கு கொள்ளைநோயால் தள்ளிப்போயிற்று. 1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு முறை, உலக யுத்தத்தின் நடுவிலும் தவறாத முறை அப்போதுதான் முதன்முதலாகத் தவறியது. 2025-இல் வெளியான அறிவிப்பு 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் கணக்கு நாளாகக் குறித்தது. எல்லோருடைய ஜாதியையும் கேட்பது என்றும் முடிவாயிற்று. மறுபடியும் ஏணி வரையப் போகிறார்களா, அல்லது ஏணியின் அடியில் நிற்பவர் யார் என்று பார்த்துக் கைகொடுக்கப் போகிறார்களா என்பது, எண்ணுகிறவர் கையில் இல்லை. எண்ணியதைப் படிக்கிற நம் கையில் இருக்கிறது.

அட்டவணையைப் பார்க்கும்போது அந்தப் பழைய சொல்லை நினைத்துக்கொண்டால் போதும். கானேஷுமாரி, எண்ணியது வீடுகளை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, அல்லது எரியாமல் இருக்கிறது.