சவூதியில் அபாயா கட்டாயமா, ஷார்ட்ஸ் போடலாமா? வேலைக்குப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விதிகள்

சவூதி அரேபியாவுக்கு வேலைக்குக் கிளம்புறவங்களுக்கு ஊர்ல ரெண்டு விதமான அறிவுரை கிடைக்கும். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி அங்கிருந்து திரும்பி வந்தவர், "முத்தவா சுத்திக்கிட்டே இருப்பான், பார்த்து நடந்துக்கோ" என்பார். போன மாசம் லீவுல வந்தவர், "இப்ப எல்லாம் ஃப்ரீயா விட்டுட்டாங்க, ரியாத்ல பாட்டுக் கச்சேரியே நடக்குது" என்பார்.

ரெண்டுமே பாதி உண்மைதான். உடை விஷயத்தில் சவூதி கடந்த சில ஆண்டுகளில் நிறையவே தளர்ந்திருக்கிறது. ஆனால், பொது இடத்தில் நடந்துகொள்ளும் விதத்தில், குறிப்பாக செல்போன் கேமரா விஷயத்தில், சட்டம் இன்னும் கடுமையாகவே இருக்கிறது. எது சட்டம், எது வழக்கம், எதற்கு எவ்வளவு அபராதம்? விவரமாகப் பார்க்கலாம்.

என்னதான் மாறியது?

முத்தவா என்று நம்ம ஆட்கள் சொல்வது, நன்மையை ஏவி தீமையைத் தடுக்கும் அமைப்பின் ஆட்களை. கடைத்தெருவில் நின்று உடையைக் கண்டிப்பது, தொழுகை நேரத்தில் கடையை மூடச் சொல்வது, ஆணும் பெண்ணும் சேர்ந்து போனால் நிறுத்தி விசாரிப்பது எல்லாம் இவர்கள் வேலையாக இருந்தது. 2016 ஏப்ரலில் இவர்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரமும், துரத்திப் பிடிக்கும் அதிகாரமும் பறிக்கப்பட்டன. அதன் பிறகு, ஏதாவது தவறு என்று பட்டால் போலீசுக்குத் தகவல் சொல்லலாம், அவ்வளவுதான்.

2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தது. 2019 செப்டம்பரில் 49 நாட்டவருக்கு சுற்றுலா விசா திறந்துவிடப்பட்டது. அதே நேரத்தில் அரசு வெளியிட்டதுதான் பொது ஒழுக்க விதிமீறல்களுக்கான அபராதப் பட்டியல். 19 குற்றங்கள், 50 ரியாலில் ஆரம்பித்து 3,000 ரியால் வரை அபராதம். அதே தவறை மறுபடி செய்தால் அபராதம் இரட்டிப்பு.

சுற்றுலாப் பயணிகள் வரும் நேரத்தில் வந்ததால், இது அவங்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. இக்காமாவில் வேலை பார்க்கும் தொழிலாளிக்கும், சவூதி குடிமக்களுக்கும் இதே விதிதான்.

பெண்களுக்கு அபாயா கட்டாயமா?

வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணிய வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. முக்காடும் கட்டாயம் இல்லை. 2018 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானும், கண்ணியமான உடை என்றுதான் சட்டம் கேட்கிறது, கருப்பு அபாயாதான் என்று சொல்லவில்லை என விளக்கம் கொடுத்தார்.

அப்போ எதைப் போட்டாலும் பரவாயில்லையா என்றால், இல்லை. தோளும் முழங்காலும் மறைய வேண்டும், உடம்பைப் பிடிக்கிற மாதிரியோ உள்ளே தெரிகிற மாதிரியோ இருக்கக் கூடாது. சுடிதார், முழுக்கை குர்தா போன்றவை பிரச்சினை இல்லாதவை. சேலை கட்டுபவர்கள் இடுப்பும் முதுகும் தெரியாமல் முந்தானையைப் போர்த்திக்கொள்வது நல்லது. பொட்டு, தாலி பற்றி அபராதப் பட்டியலில் எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். ரியாத், ஜெட்டா மாதிரி பெரிய நகரங்களில் அபாயா இல்லாமல் போகும் வெளிநாட்டுப் பெண்களை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டாங்க. சின்ன ஊர்களில் நிலைமை வேறு. அங்கே போகும்போது மேலே ஒரு அபாயாவைப் போட்டுக்கொண்டால் யாருடைய பார்வையும் நம்ம மேல விழாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீட்டு வேலை என்று போகிறவர்கள், அந்த வேலை இடத்தின் உடை விதி என்ன என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்டின் சட்டம் தளர்ந்தாலும், நிறுவனத்தின் விதி தளர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆண்களுக்கு?

உடை விதி என்றாலே பெண்களுக்குத்தான் என்ற எண்ணம் இருக்கு. அபராதப் பட்டியலைப் பார்த்தால், ஆண்கள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதே அளவு இருக்கிறது.

தூங்கும்போது போடும் உடை, உள்ளாடை ஆகியவற்றோடு பொது இடத்துக்கு வந்தால் 100 ரியால் அபராதம். பனியனோடு பக்கத்துக் கடைக்குப் போவது நம்ம ஊரில் சாதாரணம். அங்கே செய்தால் அபராதச் சீட்டு வரலாம். கைலியும் இப்படித்தான். ரூமுக்குள்ளே கட்டிக்கலாம், கடைக்கோ பஸ் ஸ்டாப்புக்கோ போகும்போது பேன்ட் மாட்டிக்கொள்வது பாதுகாப்பு.

ஷார்ட்ஸுக்குப் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் 2022-ல் பட்டியலில் ஒரு விதி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. மசூதிக்குள்ளேயும் அரசு அலுவலகங்களிலும் ஷார்ட்ஸோடு நுழைந்தால் 250 முதல் 500 ரியால் வரை அபராதம். இக்காமா வேலையாக அலுவலகத்துக்குப் போகும் நாளில் இதை மறந்துவிட வேண்டாம். ஆபாசப் படமோ வாசகமோ உள்ள டி-ஷர்ட்டும் குற்றம்தான். ஊரில் வாங்கிய டி-ஷர்ட்டில் என்ன எழுதியிருக்கு என்று பெட்டி கட்டும்போதே ஒரு தடவை படித்துப் பாருங்க.

எதற்கு எவ்வளவு அபராதம்?

முதல் முறை செய்யும் தவறுக்கான தொகை இது:

• வரிசையில் முந்திப் போனால்: 50 ரியால்
• ஒழுக்கக் குறைவான உடை: 100 ரியால்
• பொதுச் சுவரில் கிறுக்கினால்: 100 ரியால்
• முதியோர், மாற்றுத்திறனாளிகளின் இருக்கையில் உட்கார்ந்தால்: 200 ரியால்
• குப்பை போட்டால், எச்சில் துப்பினால்: 500 ரியால்
• குடியிருப்புப் பகுதியில் சத்தமாகப் பாட்டு வைத்தால்: 500 ரியால்
• தொழுகை நேரத்தில் பாட்டு வைத்தால்: 1,000 ரியால்
• அனுமதி இல்லாமல் ஒருவரைப் படம் எடுத்தால்: 1,000 ரியால்
• பொது இடத்தில் ஆபாசமான நடத்தை: 3,000 ரியால்

3,000 ரியால் என்பது 800 டாலர். மாதம் 1,500 ரியால் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு அது ரெண்டு மாத உழைப்பு. சுற்றுலாப் பயணி கட்டிவிட்டு விமானம் ஏறிடுவார். ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது.

இதில் நம்ம ஆட்கள் அதிகம் கவனிக்க வேண்டியது பாட்டும் எச்சிலும். வெள்ளி, சனி விடுமுறை என்பதால் வியாழக்கிழமை ராத்திரி கேம்ப்பில் ஸ்பீக்கர் வைப்பது வழக்கம். பக்கத்தில் குடும்பங்கள் வசிக்கும் பகுதி என்றால் யோசிக்கணும். கார் ஓட்டுபவர்கள் பாங்கு சத்தம் கேட்டதும் பாட்டை நிறுத்திவிடுவதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான ஆபத்து: கையில் இருக்கும் போன்

மேலே சொன்ன 1,000 ரியால், பொது ஒழுக்க விதியின் கீழ் வரும் சிறிய தொகை. இதே செயல் சைபர் குற்றச் சட்டத்தின் கீழ் போனால் கதையே வேறு.

சவூதியின் சைபர் குற்றச் சட்டம் 2007-ல் வந்தது. கேமரா உள்ள செல்போனைத் தவறாகப் பயன்படுத்தி ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிட்டால், ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரியால் வரை அபராதம். இணையத்தில் ஒருவரை அவதூறாகப் பேசினாலும் இதே தண்டனைதான். பொது ஒழுங்கு, மத மதிப்பீடுகள், பொது ஒழுக்கம் ஆகியவற்றுக்கு எதிரான பதிவு என்றால் 5 ஆண்டு வரை சிறை, 30 லட்சம் ரியால் வரை அபராதம்.

மாலில் நின்று ரீல்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒரு சவூதி குடும்பம் பதிவாகிறது. ரோட்டில் நடந்த விபத்தை வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். கூட வேலை செய்பவர் தூங்குவதைப் படம் எடுத்து கேலி செய்கிறோம். நம்ம ஊரில் யாரும் கண்டுகொள்ளாத விஷயங்கள். அங்கே சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்தால் அது போலீஸ் வழக்கு. வழக்கு முடியும் வரை ஊருக்கு வர முடியாமல் போகலாம், தண்டனைக்குப் பிறகு நாடு கடத்தவும் படலாம்.

முக்கியமாக, பெண்கள் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். அரசுக் கட்டடங்கள், ராணுவ இடங்கள், அரண்மனைகள், விமான நிலையச் சோதனைப் பகுதி ஆகியவற்றையும் எடுக்கக் கூடாது. மதத்தைக் கேலி செய்யும் மீம்ஸை, நாம உருவாக்காவிட்டாலும், ஃபார்வர்டு செய்தாலே சிக்கல்.

ஆண், பெண் பழக்கத்தில் என்ன கவனிக்கணும்?

2018-ல் பாலியல் சீண்டலுக்கு எதிரான தனிச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரியால் வரை அபராதம். குழந்தை, மாற்றுத்திறனாளி போன்றவர்கள் பாதிக்கப்பட்டிருந்தால் 5 ஆண்டு, 3 லட்சம் ரியால் வரை போகும். தெரியாத பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப மெசேஜ் அனுப்புவதும் இதில் சிக்க வைக்கும். வேலை இடத்தில் பெண்களுக்குத் தொல்லை வந்தால், இந்தச் சட்டம் வெளிநாட்டுப் பெண்களுக்கும் பாதுகாப்புதான்.

உணவகங்களில் ஆண்களுக்கு ஒரு வாசல், குடும்பத்துக்கு ஒரு வாசல் என்ற கட்டாயம் 2019 டிசம்பரில் போய்விட்டது. ஆனாலும் பல இடங்களில் குடும்பப் பகுதி தனியாகவே இருக்கு. 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ரியாத் மெட்ரோவிலும் குடும்பங்களுக்குத் தனி இடம், தனியாக வரும் ஆண்களுக்குத் தனி இடம். ஏறும் முன் பலகையைப் பார்த்து ஏறுங்க.

அறிமுகம் ஆகும்போது பெண்ணிடம் நாமே கை நீட்டக் கூடாது. அவங்க நீட்டினால் குலுக்கலாம், இல்லையென்றால் தலையசைத்து வணக்கம் சொன்னால் போதும். சவூதி நண்பரிடம் "உங்க மனைவி எப்படி இருக்காங்க?" என்று கேட்பதை விட, "வீட்ல எல்லாரும் நலமா?" என்று கேட்பதே மரியாதை.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் செருப்பை வாசலில் விடுங்க. கொடுப்பதும் வாங்குவதும் சாப்பிடுவதும் வலது கையில். உட்காரும்போது பாதத்தின் அடிப்பக்கம் எதிரில் இருப்பவரைப் பார்த்து இருக்கக் கூடாது. கஹ்வா என்ற அரபுக் காப்பி சின்னக் கிண்ணத்தில் வரும். முதல் கிண்ணத்தை மறுக்காமல் வாங்கிக்கணும். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டினால் புரிந்துகொள்வாங்க. இதெல்லாம் சட்டம் இல்லை, வழக்கம். மீறினால் அபராதம் வராது, மனம் கோணும்.

தொழுகையும் ரமலானும்

தொழுதுகொண்டிருப்பவருக்கு நேர் முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. தொழுகை நேரத்தில் கடை திறந்திருக்கலாம் என்று 2021-ல் வணிக சபைகளின் கூட்டமைப்பு அறிவித்த பிறகு பல கடைகள் மூடுவதில்லை. ஆனாலும் சில கடைகளில் ஆட்கள் தொழப் போயிருப்பாங்க. அவசரப்படுத்தாமல் காத்திருக்கணும்.

ரமலான் மாதத்தில் பகல் நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, புகைப்பது எதுவும் கூடாது. நோன்பு இல்லாதவர்கள் ரூமிலோ, நிறுவனம் ஒதுக்கிய இடத்திலோ சாப்பிடலாம். வண்டிக்குள் இருந்தாலும் வெளியே தெரிந்தால் அது பொது இடம்தான்.

முஸ்லிம் அல்லாதவர்கள் மக்காவுக்குள் நுழைய முடியாது. மதீனாவில் நபிகள் நாயகத்தின் மசூதியைச் சுற்றிய புனித எல்லைக்குள்ளும் அனுமதி இல்லை. நெடுஞ்சாலையில் இதற்கான பலகைகள் இருக்கும். டிரைவர் வேலைக்குப் போகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி?

வளைகுடா என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். துபாயில் ரமலான் பகலில் உணவகங்கள் திரை போட்டு மறைக்க வேண்டிய அவசியம் 2021-ல் நீங்கிவிட்டது. குவைத்தில் 1968-ம் ஆண்டுச் சட்டப்படி, ரமலான் பகலில் பொது இடத்தில் சாப்பிட்டால் 100 தினார் வரை அபராதமும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு.

துபாயில் உடை விதி தளர்வாகத் தெரியும். அடுத்து இருக்கும் ஷார்ஜாவில் 2001-லேயே கண்டிப்பான ஒழுக்க விதிகள் வந்துவிட்டன. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டினால்கூட சைபர் சட்டப்படி 2.5 லட்சம் முதல் 5 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்க முடியும். கத்தாரில் பொது இடங்களில் தோளும் முழங்காலும் மறையும் உடைதான் எதிர்பார்க்கப்படுகிறது. வெளிநாட்டுப் பெண்களுக்கும் முக்காடு சட்டப்படி கட்டாயம் என்பது ஈரானில்.

போலீஸ் நிறுத்தினால் என்ன செய்யணும்?

பொது ஒழுக்க விதிக்காக அபராதம் போடும் அதிகாரம் போலீசுக்கு மட்டும்தான். கடைக்காரரோ, வழிப்போக்கரோ கண்டிக்கலாம், பணம் கேட்க முடியாது. அப்படி யாராவது கேட்டால் கொடுக்காதீங்க.

போலீஸ் நிறுத்தினால் குரலை உயர்த்தாமல் இக்காமாவைக் காட்டுங்க. படம் எடுத்ததாகப் புகார் என்றால் வாக்குவாதம் செய்யாமல் மன்னிப்புக் கேட்பது, பல நேரங்களில் விஷயத்தை அங்கேயே முடித்துவிடும். அரபியில் எழுதிய காகிதத்தில், என்ன எழுதியிருக்கு என்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்க. கம்பெனிக்கும் தூதரகத்துக்கும் உடனே தகவல் சொல்லணும். இந்தியர்களுக்கு ரியாத்தில் தூதரகமும் ஜெட்டாவில் துணைத் தூதரகமும் இருக்கு. இலங்கையர்களுக்கும் அப்படியே. அந்த எண்களை விமானம் ஏறும் முன்பே போனில் சேமித்து வைங்க. ஊரில் இருக்கும் குடும்பத்தினரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.