திருகாணியும் துறைமுகமும்

இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரையும் இசைத்தோரையும் பற்றியே பேசுவர். பழுதுபார்த்தோர் பற்றிய செய்திகள் வரலாற்றேடுகளில் இடம்பெறுதல் அரிது. ஆயினும், ஒரு கருவி ஒரு மண்ணில் உண்மையாகவே வேரூன்றியதா என்பதை அறிய வேண்டின், அது பழுதுற்றபோது அதனைத் திருத்துதற்குரிய பொருளும் அறிவும் அம்மண்ணில் இருந்தனவா என்று வினவுதல் வேண்டும். கிளாரினெற்றின் சிறு திருகாணி இவ்வினாவுக்குத் தக்கதொரு சான்றாகும்.

1700ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் நூரென்பேர்க் நகரில் டென்னர் என்பார் ஆக்கிய கிளாரினெற் மிகச் சில சாவிகளையே கொண்டிருந்தது. 1812இல் இவான் முல்லர் பதின்மூன்று சாவிகளுடைய கருவியை அறிமுகப்படுத்தினார். 1839க்கும் 1843க்கும் இடையில் பிரான்சில் குளோசேயும் பூபேயும் மற்றொரு சாவி அமைப்பை உருவாக்கினர். சாவிகள் பெருகப் பெருக அவற்றைத் தாங்கும் தூண்களும், அச்சுக் கம்பிகளும், திருகாணிகளும் பெருகின. மரக்குழலாகத் தோன்றிய கருவி பாதி இயந்திரமாயிற்று.

இக்கருவி தஞ்சை வழியே தமிழிசையுட் புகுந்தது. இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) தம் அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியக் குழுவொன்றை அமைத்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் கிளாரினெற்றைச் சதிர்க் குழுவிற் சேர்த்தார். முகவீணை இருந்த இடத்தை அது பெற்றது. பிற்காலத்தில், நாகசுர மரபிற் பயின்ற ஏ.கே.சி. நடராஜன் அதனைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தினார். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆயின், நாகசுரத்துக்கும் கிளாரினெற்றுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. நாகசுரத்தின் ஆச்சா மரத்தை நரசிங்கம்பேட்டைத் தச்சர் கடைந்தனர். சீவாளியும் நாணலினின்று உள்ளூரிலேயே ஆக்கப்பட்டது. அதில் திருகாணி இல்லை. கிளாரினெற்றோ, தன் இனிமையோடு தூரதேசத்துத் தொழிற்சாலையின் மீதான சார்பையும் உடன்கொண்டு வந்தது.

இச்சார்பைத் திருகோணமலைத் துறைமுகத்தோடு இணைத்து நோக்குதல் பயனுடையது. அதனை அடுத்துள்ள ஊரின் பெயரே கப்பல்துறை என வழங்குகின்றது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய இத்துறைமுகத்தைப் பிரித்தானியர் 1957 ஒக்ரோபர் வரை கடற்படைத் தளமாகப் பயன்படுத்தினர். கொடிக்கப்பல்களில் அரச மரைன் படையினரின் இசைக்குழுக்கள் இருந்தன. அவற்றில் கிளாரினெற் முக்கிய இடம்பெற்றது.

ஈண்டு ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. 1841இல் யோசேப் விற்வேர்த் என்பார் திருகுபுரிகளுக்குப் பொது அளவுமுறை ஒன்றை முன்மொழிந்தார். கிரைமியப் போர்க்காலத்தில் (1853–1856) பீரங்கிப் படகுகளுக்குரிய தொண்ணூறு இயந்திரத் தொகுதிகளின் உறுப்புகளைப் பல தொழிற்சாலைகள் பகிர்ந்து செய்ய முடிந்தமைக்கு இவ்வொருமைப்பாடே துணைநின்றது. சிறு திருகாணிகளுக்கென 1884இல் பிரித்தானியச் சங்கத்தின் பெயரால் 'பீ.ஏ.' என்ற அளவுமுறை தோன்றியது. எனினும், இசைக்கருவி ஆக்கியோர் தத்தம் பட்டறைக்குரிய புரிகளையே பெரிதும் பேணினர். கப்பலின் ஆணிக்கு மாற்றாணி கிடைத்தது. அதே கப்பலில் ஒலித்த குழலின் ஆணிக்கு அவ்வளவு எளிதிற் கிடைக்கவில்லை. 1965இல் பிரித்தானிய நியமங்கள் நிறுவனம் பழைய புரிகளைக் கைவிட்டு மெட்ரிக் புரிக்கு முதன்மை தருமாறு பரிந்துரைத்தபின், பழைய அளவு ஆணிகளும் கடைகளில் அருகலாயின.

துறைமுகத்தின் உப்புக்காற்றோ ஆணியை விட்டுவைப்பதில்லை. வெண்ணிற உலோகச் சாவி துருவேறாதிருக்க, அதனைத் தாங்கும் உருக்குத் திருகாணி துருவேறி இறுகும். வடகீழ்ப் பருவக்காற்றின் ஈரத்தால் மரம் விரிந்து தூண்கள் அசையின், சாவியும் சிக்கும். இந்நிலையில் வலிந்து திருகுவோன் ஆணியின் தலைவெட்டைச் சிதைப்பான். எண்ணெய் ஊறவிட்டுப் பொறுமையாகக் கழற்றுதலே முறை.

மாற்றாணி தேடுவோனை ஏமாற்றுவது அளவொற்றுமை. ஏழாம் எண் பீ.ஏ. ஆணிக்கும் மெட்ரிக் ஆணி ஒன்றுக்கும் விட்டம் 2.5 மில்லிமீற்றரே. ஆனால் முன்னதன் புரியிடைவெளி 0.48, பின்னதன் புரியிடைவெளி 0.45. புரிக்கோணம் முறையே 47.5 பாகையும் 60 பாகையும் ஆகும். முதலிரு சுற்றுக்கள் இசைந்து செல்லும். ஐந்தாம் சுற்றில் வேறுபாடு 0.15 மில்லிமீற்றராகி ஆணி இறுகும். வலிந்து செலுத்தின் தூணின் உட்புரி அழியும். ஓர் ஆணியின் குறை அப்பொழுது கருவியின் குறையாகிவிடும். ஆகவே பழைய ஆணியைத் துப்புரவாக்கி, விட்டத்தை அளந்து, புரிமானியாற் புரியைத் தேர்ந்து, கடைச்சல் இயந்திரத்தில் உருக்குக் கம்பியைக் கடைந்து, ஒத்த அச்சினாற் புரி வெட்டுதல் வேண்டும். துண்டாகிய பழைய ஆணியும் இதனாற் குப்பையன்று. அளவு சொல்லும் ஆவணமாகும்.

இவ்வறிவு கைகளில் வாழ்வது. ஏடுகளில் அரிதாகவே பதிவாவது. கடைச்சற்காரரும் பொற்கொல்லரும் மணிக்கூடு திருத்துவோரும் ஓய்வுபெறும்போது அதுவும் மறையக்கூடும். கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் பதிவுசெய்யும் நம் மாணவர், இப்பட்டறைகளின் கருவிகளையும் அளவுக் குறிப்புகளையும் சொல்வழக்குகளையும் பதிவுசெய்ய முன்வருதல் வேண்டும். கொடிகளும் கப்பல்களும் துறைமுகத்தை நீங்கின. நீங்கியோர் ஆக்கிய கருவியை நாம் நமதென்று உரிமை கொண்டாடும் தகுதி, அதனை வாசிக்கும் விரல்களோடு, அதன் திருகாணியை ஆக்கும் விரல்களையும் பொறுத்தது.